காது பழகினாலும் இதயம் பழகுமா?

எதிர்பாராத நேரத்தில் பக்கத்தில் ஒரு பட்டாசு வெடித்தால் நம் கை எங்கே போகிறது? காதைப் பொத்துவதற்கு முன் நெஞ்சைத்தான் பிடிக்கிறது. "நெஞ்சு திக்கென்றது" என்கிறோம். "நெஞ்சு பதறிப் போச்சு" என்கிறோம். சத்தம் நுழைந்தது காது வழியாகத்தான். ஆனாலும் தமிழ் பேசும் எவரும் "காது பதறியது" என்று சொல்வதில்லை. சத்தத்துக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை நம் பேச்சுவழக்கு எப்போதோ கண்டுகொண்டிருக்கிறது.

ஆனால் தொழிற்சாலை இரைச்சலைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாம் காதோடு நின்றுவிடுகிறோம். "அங்கே வேலை செய்தால் காது மந்தமாகிவிடும்" என்பதே பெரிய அச்சம். அதற்குப் பரிகாரமாகக் காதில் கொஞ்சம் பஞ்சு. அத்தோடு விடயம் முடிந்துவிடுகிறது. இந்தப் பார்வை போதாது என்பதே என் கருத்து. இரைச்சலைக் காதின் பிரச்சினையாக மட்டும் பார்ப்பதனால், தொழிலாளியின் இதயத்துக்கு நேரக்கூடிய கேடு சட்டத்தின் கண்ணிலும் படுவதில்லை, வைத்தியசாலையின் கண்ணிலும் படுவதில்லை.

உயிரியல் பிரிவில் கற்கும் எமக்கு இதன் பொறிமுறை புதியதல்ல. ஆபத்தொன்று நேரும்போது பரிவு நரம்புத் தொகுதி தூண்டப்படுகிறது. அதிரீனல் சுரப்பி அதிரீனலினைச் சுரக்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது, குருதிக்கலன்கள் சுருங்குகின்றன, குருதியமுக்கம் உயர்கிறது, ஈரலிலிருந்து குளுக்கோசு குருதியில் சேர்கிறது. ஓடித் தப்புவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ அல்லாஹ் நம் உடலில் வைத்திருக்கும் அற்புதமான ஏற்பாடு இது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பலத்த இரைச்சலையும் மூளை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் இயந்திரத்தின் முன் நிற்பவர் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது. எட்டு மணித்தியாலம் அங்கேயே நிற்க வேண்டும். நாளையும் வர வேண்டும். ஒரு நிமிடத்துக்கென்று அமைந்த ஏற்பாடு பத்து வருடம், இருபது வருடம் மீண்டும் மீண்டும் இயக்கப்படுகிறது. கோட்டிசோல் போன்ற ஓமோன்களும் தம் அளவு தப்பி நிற்கின்றன. இதன் விளைவாகக் குருதிக்கலன்கள் மெல்ல மெல்லத் தம் நெகிழ்ச்சியை இழக்கக் கூடும் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

"பழகிவிட்டால் ஒன்றுமில்லை" என்று சொல்பவர்களுக்கு இங்கே ஒரு பதில் உண்டு. மனம் பழகுகிறது, உண்மைதான். ஆனால் உடல் முழுமையாகப் பழகுவதில்லை. தூங்கிக்கொண்டிருப்பவர் விழிக்காமலேயே கூட, வெளியே கேட்கும் சத்தத்துக்கு அவரது இதயத் துடிப்பு மாறுவதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அதோடு, "முன்பு போல இப்போது சத்தம் உறைப்பதில்லை" என்று ஒருவர் சொன்னால் அது பழக்கமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்கும் திறன் குறைந்துவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

நமது கண்டி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். ஆரம்பத்தில் அவரது பங்களாவின் விறாந்தையில் மேசைகளின் மேல் கொழுந்தைக் கையால் உருட்டினார்கள். 1872இல் உருட்டும் இயந்திரத்தோடு தேயிலைத் தொழிற்சாலை வந்தது. கைகள் அமைதியாகச் செய்த வேலையை இயந்திரம் இரைச்சலோடு செய்யத் தொடங்கியது. வாட்டும் தளத்தில் காற்றாடிகள், கீழே ரோலர்கள், உலர்த்தும் இயந்திரம், சல்லடைகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சத்தம் சேர்ந்தது.

ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை அது. 2001 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பழைய ரோலர்களும் எஞ்சின்களும் பளபளவென்று துடைக்கப்பட்டு அங்கே நிற்கின்றன. அவற்றின் எடை, வயது, தயாரித்த கம்பனி எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வருகிறோம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள முடிவதில்லை: அவற்றின் சத்தத்தை. ஓடாத இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வரும் மாணவிக்கு, அதன் அருகே விடியுமுன்பே வந்து நின்ற மனிதரின் நாள் எப்படியிருந்தது என்பது புரியாது.

தேயிலை மட்டுமல்ல. பல்லேகல கைத்தொழில் வலயத்தின் தொழிற்சாலைகள், ஊருக்கு ஊர் இருக்கும் மர ஆலைகள், மிளகாயும் கொத்தமல்லியும் அரைக்கும் மில்கள், வாகனத் தகரம் தட்டும் கராஜ்கள், நத்தரம்பொத்தையில் பித்தளையும் செம்பும் தட்டும் கைவினைஞர்களின் பட்டறைகள் என்று நம்மைச் சுற்றிச் சத்தத்தோடு வாழ்பவர்கள் ஏராளம். நம் வீட்டு உலைக்கு அரிசி வருவது அவர்களுள் ஒருவரின் உழைப்பில்தான் என்று சொல்லக்கூடிய சகோதரிகள் இக்கல்லூரியிலும் பலர் இருக்கிறோம்.

சத்தத்தை டெசிபெல்லில் அளக்கிறோம். இது சாதாரண அடிமட்டம் போன்றதல்ல. மூன்று டெசிபெல் கூடினால் ஒலிச்சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் பரிந்துரைக்கும் எல்லை, எட்டு மணித்தியாலத்துக்கு 85 டெசிபெல். சத்தம் 88 ஆனால் நான்கு மணித்தியாலம்தான். 91 ஆனால் இரண்டு. 94 ஆனால் ஒன்று. 100 ஆனால் வெறும் 15 நிமிடம். இதே கணக்கை மறுபக்கம் போட்டுப் பாருங்கள். மேலதிக நேரமும் சேர்த்துப் பத்து மணித்தியாலம் நிற்பவருக்கு எல்லை 85 அல்ல, 84. ஓவர்டைம் சம்பளத்தைக் கணக்கிடும் நாம் ஓவர்டைம் சத்தத்தைக் கணக்கிடுவதில்லை.

கருவி இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவரோடு பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அந்த இடத்தின் சத்தம் 85ஐத் தொட்டிருக்கலாம் அல்லது தாண்டியிருக்கலாம்.

இனி ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 14 மர ஆலைகளைச் சேர்ந்த 27,464 தொழிலாளரின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2005இல் வெளியானது. இரைச்சலில் நீண்டகாலம் வேலை செய்தவர்களிடையே மாரடைப்பு மரணங்களின் ஆபத்து கூடியிருந்ததை அது காட்டியது. 2011இல், அமெரிக்காவில் 6,307 தொழிலாளரைக் கொண்டு செய்த ஆய்வில், நீண்டகாலம் இரைச்சலில் வேலை செய்தவர்களிடம் நெஞ்சுவலி, மாரடைப்பு போன்ற இதய நோய்கள் இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டன. 2018இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, தொழிலாளரிடையே காணப்பட்ட கேட்டல் குறைபாட்டில் 58 சதவீதத்தையும் உயர் குருதியமுக்கத்தில் 14 சதவீதத்தையும் உயர் கொலஸ்ட்ரோலில் 9 சதவீதத்தையும் தொழிலிட இரைச்சலின் கணக்கில் சேர்க்கலாம் என்றது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். காதுக்கு நேரும் கேட்டில் எவருக்கும் ஐயமில்லை. இதயத்தைப் பொறுத்தவரை சான்று இன்னும் அந்த அளவுக்கு உறுதியாகவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் இணைந்து மேற்கொண்ட மீளாய்வொன்று 2021இல் வெளிவந்தது. 85 டெசிபெல்லும் அதற்கு மேலும் உள்ள இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு இதயக் குருதிக்கலன் நோய் ஏற்படும் ஆபத்து 29 சதவீதம் அதிகம் என்று கண்ட அதே மீளாய்வு, அச்சான்று மட்டுப்படுத்தப்பட்டது என்றும், உயர் குருதியமுக்கம் பற்றி முடிவு சொல்லச் சான்று போதாது என்றும் கூறியது. தொழிற்சாலையில் இரைச்சல் தனியாக இருப்பதில்லை. அதோடு வெப்பம் இருக்கிறது, இரவு வேலை இருக்கிறது, இலக்கை முடிக்கும் அவசரம் இருக்கிறது, கடன் கவலை இருக்கிறது. இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுப்பது இலகுவல்ல.

ஆனால் ஐயம் தீரும்வரை அதன் சுமையை யார் சுமப்பது? ஆய்வாளரா, முதலாளியா, இயந்திரத்தின் முன் நிற்பவரா? இன்று அதைச் சுமப்பவர் மூன்றாமவர் மட்டுமே.

என் சாச்சி ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறார். சென்ற வருடம், முப்பத்தெட்டு வயதில், அவருக்குப் பிரஷர் என்று சொன்னார்கள். கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். உப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, வீட்டில் யாருக்கும் இந்நோய் உண்டா, தூக்கம் எப்படி, யோசனை அதிகமா என்று கேட்டார்கள். எல்லாம் தேவையான கேள்விகள். ஆனால் எங்கே வேலை செய்கிறீர்கள், அங்கே சத்தம் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. வரும் வழியில் நான் கேட்டபோது சாச்சி சிரித்தார். "அதெல்லாம் பழகிப் போச்சு மகள்" என்றார். அவரது நோய்க்கு இரைச்சல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை என்பதுதான் என் முறைப்பாடு.

இத்தாலிய வைத்தியர் பேர்னார்டினோ ராமஸினி, தொழிலாளரின் நோய்கள் பற்றிய தம் நூலை 1700இல் வெளியிட்டார். வெனிஸ் நகரில் செம்புப் பாத்திரம் தட்டுபவர்களின் காதுகள் சம்மட்டிச் சத்தத்தால் கெட்டுப்போவதை அவர் எழுதினார். நோயாளியிடம் வைத்தியர் வழமையாகக் கேட்கும் கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று சொன்னவரும் அவரே. முந்நூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்தக் கேள்வி நம் கிளினிக் அட்டையில் இடம் தேடிக்கொண்டிருக்கிறது.

சட்டத்தின் நிலை என்ன? 1996 மே மாதம் வெளியான தேசிய சுற்றாடல் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் தெளிவான எண்களைத் தருகின்றன. மாநகர சபை, நகர சபைப் பகுதிகளில் பகலில் 63 டெசிபெல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45. முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயங்களில் 70, 60. வைத்தியசாலை, பாடசாலை போன்றவற்றைச் சூழ்ந்த 100 மீற்றர் அமைதி வலயத்தில் 50, 45.

நல்ல எண்கள்தாம். ஆனால் இவை எங்கே அளக்கப்படுகின்றன? காணியின் எல்லையில். சுவருக்கு வெளியே வாழ்பவரின் நிம்மதியை இவ்விதிகள் காக்கின்றன. சுவருக்கு உள்ளே இயந்திரத்திலிருந்து இரண்டடி தூரத்தில் நிற்பவரின் காதருகே என்ன அளவு என்பது இவற்றின் கேள்வியே அல்ல. உள்ளே இருப்பவரின் பாதுகாப்புக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இரைச்சலும் இதயமும் பற்றிய இந்த அறிவு பிறப்பதற்கு முன் எழுதப்பட்ட சட்டம் அது. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் ஒன்று நம் நாட்டிலும் உருவாக்கப்பட்டது. ஆகவே அறிவுக்கும் அமைப்புக்கும் பஞ்சமில்லை. சட்டம் சுவருக்கு வெளியே சத்தத்தை அளக்கிறது. வைத்தியர் கிளினிக்கில் குருதியமுக்கத்தை அளக்கிறார். இரண்டு அளவையும் ஒரே தாளில் எழுத ஆளில்லை என்பதே குறை.

"நாடு பொருளாதார நெருக்கடியிலிருந்து இப்போதுதான் எழும்புகிறது. இதையெல்லாம் கேட்டால் தொழிற்சாலையை மூடிவிடுவார்கள். பிறகு இரைச்சலும் இருக்காது, சம்பளமும் இருக்காது" என்று சிலர் சொல்வார்கள். 2022இல் வேலையிழந்த குடும்பங்களைப் பார்த்த நமக்கு இந்த அச்சம் விளங்குகிறது. ஆனால் இரைச்சலைக் குறைப்பதெல்லாம் கோடிக்கணக்கில் செலவாகும் வேலையல்ல. தளர்ந்த ஆணிகளை இறுக்குவது, தேய்ந்த பாகங்களை மாற்றுவது, நேரத்துக்கு எண்ணெய் இடுவது, இயந்திரத்தின் காலடியில் இறப்பர் தட்டு வைப்பது, காற்று கசியும் குழாயை அடைப்பது, கம்பிரசரைத் தனி அறைக்கு மாற்றுவது, அதிக சத்தமான இடத்தில் ஒரே ஆளை நாள் முழுதும் வைக்காமல் மாற்றி மாற்றி வைப்பது, சாப்பிடும் அறையையாவது அமைதியான பக்கத்தில் அமைப்பது. இவற்றில் பல நல்ல பராமரிப்பு வேலைகளே. இயந்திரத்தின் ஆயுளும் சேர்ந்தே கூடும்.

காதுக் கவசம் கடைசி வழியாகவே வர வேண்டும். நம் தொழிற்சாலைகளில் அதுவே முதல் வழியாகவும் ஒரே வழியாகவும் ஆகிவிடுகிறது. வெறும் பஞ்சு ஏறக்குறைய எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. நம் சகோதரிகளுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். காதை மூடும் பெரிய கவசத்தை ஹிஜாபுக்கு மேலாக அணிந்தால், துணி இடையில் நிற்பதால் கவசம் தலையோடு சரியாகப் பொருந்தாது. அந்த இடைவெளியால் சத்தம் உள்ளே வந்துவிடும். காதுக்குள் வைக்கும் செருகியை ஹிஜாபுக்கு உள்ளே அணிவது இதைவிட நல்லது. ஒரு பெண் வேலைக்குச் சேரும் அன்று இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

நான் கேட்பவை மூன்றே. முதலாவது, கிளினிக் அட்டையில் தொழிலையும் தொழிலிடத்தின் சத்தத்தையும் எழுத ஒரு வரி. இரண்டாவது, தொழிலாளி நிற்கும் இடத்தில், அவரது காதருகே சத்தத்தை அளந்து, அந்த எண்ணைச் சிங்களத்திலும் தமிழிலும் சுவரில் ஒட்டி வைப்பது. மூன்றாவது, இரைச்சலான பகுதிகளில் வேலை செய்பவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை கேட்டல் பரிசோதனையோடு குருதியமுக்கப் பரிசோதனையும். இவற்றைச் சில வருடங்கள் ஒழுங்காகச் செய்தால், வெளிநாட்டு ஆய்வுகளை நம்பியிராமல் நம் தொழிலாளரைப் பற்றி நம்மாலேயே பேச முடியும். அந்த ஆய்வைச் செய்யப்போகும் வைத்தியர், தாதி, பொறியியலாளர் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கலாம்.

உழைப்பவரின் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றுகிறோம். கூலி உரிய நேரத்தில் கிடைத்துவிட்டால் மட்டும் உழைப்பவரின் உரிமை நிறைவேறிவிடுமா? வேலைக்கு வந்தபோது இருந்த உடல்நலத்தோடு அவர் வீடு திரும்புவதும் அந்த உரிமையில் ஒரு பங்கு என்றே நான் நினைக்கிறேன்.

அன்புச் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் தொழிற்சாலைக்கோ மில்லுக்கோ கராஜுக்கோ போய் வருபவர் இருக்கலாம். அவரிடம் கேளுங்கள்: பக்கத்தில் நிற்பவரோடு பேச நீங்கள் கத்த வேண்டியிருக்கிறதா? வேலை விட்டு வந்த பிறகும் காதில் இரைச்சல் கேட்கிறதா? கடைசியாகக் குருதியமுக்கத்தை எப்போது பார்த்தீர்கள்? பதிலை ஒரு தாளில் எழுதி அவரது கிளினிக் அட்டைக்குள் வைத்துவிடுங்கள். வைத்தியர் கேட்க மறந்தாலும், "டொக்டர், நான் வேலை செய்யும் இடத்தில் சத்தம் அதிகம்" என்று நம்மவர் தாமாகச் சொல்லட்டும்.